கொலோன் கடிகாரமும் முடிச்சூர் சுவரும்

முடிச்சூரிலிருந்து கொலோனுக்கு நேரடி பஸ் கிடையாது. மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி, நடுவில் ஏதாவது ஓர் அரபு நாட்டு விமான நிலையத்தில் நாலு மணி நேரம் கொட்டாவி விட்டு, பிராங்க்பர்ட்டில் இறங்கி, அங்கிருந்து வேக ரயிலில் ஒரு மணி நேரம் போனால் ஜெர்மனியின் ரைன் நதிக்கரையில் இருக்கும் அந்த ஊர் வரும். நம்ம தாம்பரம் - பீச் மின்சார ரயிலுக்கும் கிட்டத்தட்ட அதே ஒரு மணி நேரம்தான். தூரம்தான் ஆறில் ஒரு பங்கு. சரி, அந்தக் கதை இப்போது வேண்டாம்.

நம் ஊர்க்காரர்கள் வெளிநாடு போவதற்கு மூன்றே காரணங்கள்தான் உண்டு. படிப்பு, வேலை, மகளுக்குப் பிரசவம். முடிச்சூரில் ஒரு நகரில் சொந்த வீடு கட்டிக் குடியிருக்கும் ஒரு தம்பதி 2023 ஜூன் மாதம் கொலோனுக்குப் போனது மூன்றாவது காரணத்துக்காக. அவர் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அந்தம்மா ஒரு பெட்டி முழுக்கப் பத்தியச் சாமான்களோடு போனார். சுக்கு, மிளகு, திப்பிலி, பூண்டு, வசம்பு எல்லாம். கஸ்டம்ஸில் வசம்பை எடுத்து முகர்ந்து பார்த்த அதிகாரி முகம் சுளித்ததைத் திரும்பி வந்த பிறகும் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரசவ வீட்டில் ஆண்களுக்கு என்ன வேலை? ஒன்றும் இல்லை. அதனால் அவர் காலையும் மாலையும் நடக்க ஆரம்பித்தார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. பார்த்ததையெல்லாம் தேதி போட்டு எழுதிக்கொள்வது பழைய உத்தியோகத்தின் பழக்கம்.

கொலோன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே கால் வைத்ததும் எதிரிலேயே நிற்கிறது அந்தக் கதீட்ரல். நம் ஊரில் ஸ்டேஷனை விட்டு வந்தால் ஆட்டோக்காரர்கள் நிற்பார்கள், அங்கே 157 மீட்டர் உயரத்துக்கு ஒரு தேவாலயம் நிற்கிறது! 1248-ல் கட்ட ஆரம்பித்தார்கள். நடுவில் காசில்லாமல் பதினாறாம் நூற்றாண்டில் நிறுத்திவிட்டார்கள். 1842-ல் மறுபடி தொடங்கி 1880-ல் முடித்தார்கள். ஆக 632 வருஷம். "அத்தனை வருஷமும் பேலன்ஸ் ஷீட்ல முடிவுறாத பணின்னுதானே காட்டியிருப்பாங்க" என்பது அவர் நோட்டில் எழுதிய முதல் குறிப்பு. கோபுரத்தின் 533 படிகளை ஏறலாமா என்று யோசித்து, முழங்காலைக் கேட்டு, அது வேண்டாம் என்றதும் விட்டுவிட்டார்.

ஊரின் பெயரே ஒரு வெளியூர்க்காரன் வைத்தது. ரோமானியர்கள் கி.பி. 50-ல் இதைத் தங்கள் 'கொலோனியா' ஆக்கினார்கள், அதாவது குடியேற்றம். அதுதான் தேய்ந்து கொலோன். இன்றைக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் மக்கள். துருக்கியர், இத்தாலியர், போலந்துக்காரர்கள் என்று உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள். ஏரன்ஃபெல்ட் பகுதியில் மொட்டு விரிவது போன்ற ஒரு பெரிய மசூதி இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பல வருஷங்கள் தமிழே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், ஆயிரக்கணக்கான தமிழ்ப் புத்தகங்களும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தம்மாவை அசத்தியது கதீட்ரலும் இல்லை, மசூதியும் இல்லை. ஒரு சென்ட் கடை. 1709-ல் ஃபரினா என்ற இத்தாலியக் குடும்பத்தார் தொடங்கிய வியாபாரம். அங்கே பிழைக்க வந்த ஜோஹான் மரியா ஃபரினா தான் காய்ச்சிய வாசனைத் தண்ணீருக்குத் தனக்கு இடம் கொடுத்த ஊரின் பெயரையே வைத்தார். அதுதான் 'ஓ டி கொலோன்'. "காய்ச்சல் வந்தா துணியில நனைச்சு நெத்தியில போடுவாங்களே ஓடிகொலோன், அந்த ஊரா இது?" என்று அந்தம்மா மகளிடம் நாலு தடவை கேட்டார். வந்து ஒரு மாதம் கழித்துத்தான் தான் எந்த ஊருக்கு வந்திருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்ததாம் :-)

ரைன் நதியின் மேல் ஹோஹென்ஸொல்லர்ன் பாலம் இருக்கிறது. ரயில் போகும் பாலம். அதன் கம்பி வேலி முழுக்கப் பூட்டு. காதலர்கள் பெயர் எழுதிப் பூட்டைப் பூட்டி சாவியை ஆற்றில் போட்டுவிடுகிறார்கள். கணக்குக்காரர் கணக்குப் போட்டார். ஒரு பூட்டு இத்தனை யூரோ, இத்தனை ஆயிரம் பூட்டு... பாதியில் விட்டுவிட்டார்.

இதெல்லாம் சுற்றுலாப் புத்தகத்திலும் இருக்கும். அவர் தினமும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தது வேறொன்று.

பழைய நகரத்தின் ஆற்றங்கரையில் ஒரு சிறிய கோபுரம். அதில் கடிகாரம் போல ஒரு வட்டம், இரண்டு முள். முதல் நாள் தன் கைக்கடிகாரத்தோடு சரிபார்த்து, "ஜெர்மன்காரன் கடிகாரமே தப்பா ஓடுது" என்று சந்தோஷப்பட்டார். மருமகன்தான் விளக்கினார். "மாமா, அது மணி காட்டல. ஆத்துல தண்ணி எவ்வளவு உயரம்னு காட்டுது."

ஒரு முள் மீட்டர், இன்னொன்று அதன் பத்தில் ஒரு பங்கு. வேலைக்குப் போகிறவர்கள், நாயோடு நடப்பவர்கள் எல்லாம் நாம் மணி பார்ப்பது மாதிரி ஆற்றைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 1993 டிசம்பரில் முள் 10.63 மீட்டரைத் தொட்டது. பழைய நகரத் தெருக்களில் தண்ணீர். பதின்மூன்றே மாதத்தில், 1995 ஜனவரியில், 10.69. அதற்குப் பிறகுதான் கரையில் சுவர் எழுப்பி, வெள்ளம் வரும்போது மட்டும் மாட்டிக் கழற்றும் உலோகத் தடுப்புகளும் செய்து வைத்தார்கள். நேர் எதிராக 2018 அக்டோபர் வறட்சியில் அதே அளவுகோல் வெறும் 0.69 காட்டியது. சரியாகப் பத்து மீட்டர் வித்தியாசம். பழைய வீடுகளின் சுவரில், இந்த வருஷம் இதுவரை வெள்ளம் வந்தது என்று கோடு போட்டு வருஷத்தையும் பொறித்து வைத்திருக்கிறார்கள். 1784-ல் பனிக்கட்டிகளோடு வந்த வெள்ளம் 13.55 மீட்டர். இருநூற்று நாற்பது வருஷமாக யாரும் அதை மறக்கவிடவில்லை.

அன்றிலிருந்து தினமும் அவர் நோட்டில் தேதி, கிழமை, ரைன் எத்தனை மீட்டர் என்று ஒரு வரி ஏறியது.

அந்த ஆறும் ஒரு காலத்தில் சாக்கடைதான் என்பதையும் மருமகன் சொன்னார். ஐரோப்பாவின் தொழிற்சாலைக் கழிவெல்லாம் கலந்த ஆறு. 1986 நவம்பர் 1-ம் தேதி சுவிட்சர்லாந்தில் பாசல் பக்கம் சாண்டோஸ் ரசாயன நிறுவனத்தின் கிடங்கில் தீப்பிடித்தது. அணைத்த தண்ணீரோடு பூச்சிமருந்தெல்லாம் ஆற்றில் இறங்கி, தண்ணீர் சிவந்து, விலாங்கு மீன்கள் லட்சக்கணக்கில் செத்து மிதந்தன. அந்த அதிர்ச்சியில்தான் 1987-ல் கரையோர நாடுகள் சேர்ந்து ரைன் செயல்திட்டம் போட்டன. 2000-க்குள் சால்மன் மீன் திரும்பி வர வேண்டும் என்பது இலக்கு. மீனை வைத்து இலக்கு வைத்தது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மீன் பொய்க்கணக்கு எழுதாதே! சால்மனும் திரும்பி வந்தது.

ஒரு நாள் சாயங்காலம் பேரக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அந்தம்மாவும் ஆற்றங்கரைக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, நீளநீளமான சரக்குப் படகுகள் போவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம். எழுந்திருக்க மனசே வரவில்லை. அப்போதுதான் அவர் வாயைக் கொடுத்தார்.

"நம்ம வீட்டுக்குப் பின்னாடியும் ஆறு ஓடுதே. முப்பது வருஷத்துல ஒரு நாளாவது இப்படி வந்து உட்கார்ந்திருக்கோமா?"

"அது ஆறா? அது நம்ம வீட்டுக்குள்ள வந்த தண்ணி" என்றார் அந்தம்மா. அதோடு பேச்சு நின்றது.

முடிச்சூரை அறியாதவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. அடையாறு என்றதும் எல்லோருக்கும் அடையாறு பகுதி ஞாபகம் வரும், ஆலமரம் ஞாபகம் வரும். ஆனால் அந்த ஆறு பிறப்பது தாம்பரத்துக்குத் தெற்கே ஆதனூர் ஏரிப் பக்கம். மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் என்று மேற்குத் தாம்பரத்தின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு வடக்கே ஏறி, திருநீர்மலை, அனகாபுத்தூர் தாண்டி, சென்னைக்குள் நுழைந்து, பட்டினப்பாக்கம் அருகே கடலில் சேர்கிறது. மொத்தம் சுமார் 42 கிலோமீட்டர். முடிச்சூரில் மனை வாங்கிய பலருக்கு அது அடையாறு என்றே தெரியாது. 'கால்வாய்' என்பார்கள். கோடையில் அதில் கிரிக்கெட் ஆடலாம்.

2015 நவம்பர் மத்தியில் ஒரு முறை தெருவுக்குள் வந்துவிட்டுப் போனது. வடிந்ததும் கழுவிவிட்டு, சோபாவை வெயிலில் காயவைத்து எல்லோரும் நிம்மதியானார்கள். டிசம்பர் 1-ம் தேதி மறுபடி. அன்று 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததைப் பற்றித்தான் நாடு முழுக்கப் பேசினார்கள். ஆனால் செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே, முடிச்சூருக்குக் கீழே. முடிச்சூரை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம், படப்பை பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். அதைப் பற்றி அப்போது யாரும் பெரிதாகப் பேசவில்லை.

ராத்திரி அவர்கள் மொட்டை மாடியில் இருந்தார்கள். மறுநாள் மத்தியானம் படகு வந்தது. பீரோவும் பிரிட்ஜும் போனதில் அந்தம்மாவுக்குப் பெரிய வருத்தம் இல்லை. கல்யாண ஆல்பம் போனது. மகளின் முதல் வகுப்பிலிருந்து சேர்த்து வைத்த ரேங்க் கார்டுகள் போயின. அவருடைய அம்மாவின் ஒரே போட்டோ, பிரேம் போட்டது, தண்ணீரில் ஊறி முகமே இல்லாமல் வெள்ளையாகிப் போனது. கணக்கில் இதையெல்லாம் எந்தத் தலைப்பில் எழுதுவது? தேய்மானத்தில் வராது, நஷ்டஈட்டுப் படிவத்திலும் இதற்குக் கட்டம் இல்லை.

ஹால் சுவரில் தண்ணீர் நின்ற இடத்தில் காவி நிறத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. பொங்கலுக்கு முன்னாலேயே ஆளைக் கூப்பிட்டு அந்தம்மா அதன் மேல் பெயிண்ட் அடித்துவிட்டார். அடுத்த மழையில் ஈரம் கசிந்து கோடு மறுபடி தெரிந்தது. மறுபடி அடித்தார். மூன்றாவது தடவை சுரண்டிப் பூசி அடித்த பிறகுதான் அது மறைந்தது.

கொலோனிலிருந்து 2023 செப்டம்பரில் திரும்பினார்கள். டிசம்பரில் மிக்ஜாம் புயல். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மறுபடி வெள்ளம். இந்தத் தடவை வாசல் படியில் இரண்டாவது படிக்கு வந்து நின்றுவிட்டது. அந்தம்மா ராத்திரி முழுக்க டார்ச் அடித்து அந்தப் படியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "உங்க கொலோன்காரன்கிட்ட இருக்குற கடிகாரம் எதுக்கு? இதோ இருக்குல்ல" என்று படியைக் காட்டினாராம்.

2024 ஜனவரியில், பொங்கல் முடிந்து ஒரு சனிக்கிழமை, அவர் ஒரு யோசனை சொன்னார். நம்ம ஆற்றை ஒரு தடவை கடைசி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று. அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முதல்ல திருநீர்மலை. பெருமாளைச் சேவிச்சுட்டுத்தான்."

"பெருமாளைப் பார்க்க வரேன். ஆத்தைப் பார்க்க இல்ல."

திருநீர்மலை 108 திவ்ய தேசங்களில் ஒன்று. கீழே நின்ற கோலத்தில் நீர்வண்ணப் பெருமாள், மலைமேல் கிடந்த கோலத்தில் ரங்கநாதர், அமர்ந்த கோலத்தில் நரசிம்மர், நடந்த கோலத்தில் உலகளந்தவர். சினிமா பார்ப்பவர்களுக்கு வேறு மாதிரி தெரியும். வீட்டை விட்டு ஓடிவந்த ஜோடிக்கு நண்பர்கள் தாலி எடுத்துக்கொடுக்கும் எத்தனையோ காட்சிகள் எடுத்த கோயில். (கொலோனில் பூட்டுப் பாலம், நமக்குத் திருநீர்மலை!) ஊருக்கு நீர்மலை என்று பெயர் வந்ததற்கு ஒரு கதை உண்டு. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்திருந்ததாம். கிட்டே போக முடியவில்லை. ஆறு மாதம் காத்திருந்து, தண்ணீர் வடிந்த பிறகு சேவித்துவிட்டுப் போனாராம்.

அந்தம்மா மலைப்படியில் உட்கார்ந்து இந்தக் கதையைக் கேட்டார். "ஆறு மாசமா?" என்றார். "நாம நாலு நாள்." அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு மலைமேல் நின்று, சுற்றிலும் ஏரிகளும் அவற்றுக்கு நடுவே முளைத்த அடுக்குமாடிகளும் இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அடுத்தது அனகாபுத்தூர். பி.காம் பாடப்புத்தகத்தில் ஏற்றுமதி என்ற பாடத்துக்கு எங்கெங்கோ இருந்து உதாரணம் எடுப்பார்கள். பல்லாவரத்திலிருந்து ஷேர் ஆட்டோ தூரத்தில் இருக்கும் இந்த ஊர் நெசவாளர்கள் கட்டம் போட்ட மெட்ராஸ் துணியை நைஜீரியாவுக்கு நெய்து அனுப்பினார்கள். அங்கே கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் அந்தத் துணிதான். நைஜீரியா இறக்குமதிக்குத் தடை போட்டதும் இங்கே தறிகள் நின்றன. மிச்சமிருந்த சிலர் வாழைநாரில் புடவை நெய்யப் பழகிக்கொண்டார்கள். அந்தம்மா ஒரு புடவையைத் தொட்டுப் பார்த்து, விலை கேட்டு, கணவர் முகத்தைப் பார்த்து, மடித்து வைத்துவிட்டார்.

இங்கே ஆறு அகலமாகிறது. கொஞ்ச தூரத்தில் அதன் குறுக்கே பாலம் போட்டு விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை போகிறது. 2015-ல் அந்த விமான நிலையமும் தண்ணீரில் நின்று சில நாட்கள் மூடிக்கிடந்தது. இவர்கள் வந்துபோன அடுத்த வருஷம், 2025 மே மாதம், அனகாபுத்தூர் ஆற்றங்கரையில் பல வருஷமாகக் குடியிருந்தவர்களின் வீடுகள் நூற்றுக்கணக்கில் ஆக்கிரமிப்பு என்று இடிக்கப்பட்டன. குடும்பங்கள் தூரத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. ஆற்றின் மேலேயே போட்ட ஓடுபாதைக்கு மட்டும் அந்த வார்த்தை ஏன் பொருந்தவில்லை என்று யாராவது சொன்னால் தேவலை.

பல்லாவரத்தில் ரயில் ஏறினார்கள். பரங்கிமலையை ஜன்னல் வழியே பார்த்ததோடு சரி (மறுபடி முழங்கால்). மலைமேல் போர்ச்சுக்கீசியர் 1523-ல் கட்டிய தேவாலயம். அடிவாரத்தில் 1802-ல் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கும் பெரிய சர்வேயின் முதல் கோட்டைப் பெரும்பாக்கம் பக்கம் நோக்கி இழுத்தார். கிண்டி தாண்டி சைதாப்பேட்டை வருவதற்கு முன் ரயில் அடையாற்றைக் கடக்கும். தினமும் லட்சம் பேர் கடக்கிறார்கள். அந்த இடத்தில் எல்லோரும் செய்யும் ஒரே காரியம் மூக்கைப் பொத்திக்கொள்வது.

சைதாப்பேட்டையில் இறங்கி மறைமலை அடிகள் பாலத்துக்கு நடந்தார்கள். கணக்குக்காரர் இங்கே நிறைய நேரம் நின்றார். இப்போதிருப்பது 1966-ல் வந்த பாலம். அதற்கு முன் அதே இடத்தில் இருந்தது மர்மலாங் பாலம். மாம்பலம்தான் வெள்ளைக்காரன் வாயில் மர்மலாங் ஆனது. 1726-ல் அதைக் கட்டியது அரசாங்கம் இல்லை, கம்பெனியும் இல்லை. கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஒரு ஆர்மீனிய வியாபாரி. மணிலா வரைக்கும் கப்பல் வியாபாரம் பண்ணிச் சம்பாதித்தவர், 1724-ல் சென்னைக்கு வந்தவர். வந்து இரண்டே வருஷத்தில் இந்த ஆற்றின் மேல் பாலம். செலவு முப்பதாயிரம் வராகன் என்கிறார்கள். பராமரிப்புக்கென்று தனியாக ஆயிரத்து ஐந்நூறு வராகன் ஒதுக்கியும் வைத்தாராம். பாலம் கட்டுகிறவர்கள் உண்டு, அதன் பராமரிப்புக்கும் பணம் எடுத்து வைக்கிறவர்கள் அப்போதும் குறைவு, இப்போதும் குறைவு. பரங்கிமலைக்குப் படிக்கட்டு போட்டுக் கொடுத்ததும் அவர்தான். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது அவர்கள் பக்கம் சாய மறுத்துச் சொத்தை இழந்தார். 1751-ல் இங்கேயே இறந்தார். பாலத்தருகே அவர் வைத்த கல்வெட்டு பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் என்று மூன்று மொழிகளில் இருக்கிறது.

கொலோனில் ஒரு இத்தாலியன் சென்ட் பாட்டிலுக்கு ஊர்ப்பெயர் வைத்த அதே காலத்தில் இங்கே ஒரு ஆர்மீனியன் ஆற்றுக்குப் பாலம் போட்டிருக்கிறான். அந்த பாட்டிலை உலகத்துக்கே தெரியும். பாலம் கட்டியவரை அதே பாலத்தில் பஸ்ஸில் போகிறவர்களுக்கே தெரியாது.

அடுத்தடுத்து எல்லாம் பக்கத்தில்தான். தோமையார் ஒளிந்திருந்த குகை என்று நம்பப்படும் சின்னமலையில் 1551-ல் போர்ச்சுக்கீசியர் தேவாலயம் கட்டினார்கள். கிண்டிக் காட்டை ஒட்டி ஐ.ஐ.டி. 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கியது. அதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது பான் நகரில். கொலோனுக்குப் பக்கத்தில், அதே ரைன் கரையில் இருக்கும் ஊர். இதைக் கேட்டதும் அந்தம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அந்த ஆத்துக்கும் இந்த ஆத்துக்கும் சம்பந்தமே பேசி முடிச்சிட்டாங்களா!"

கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை பஸ்ஸிலிருந்து பார்த்தார்கள். 2015-ல் ஆற்றோரத்து வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளில் தண்ணீர் ஏறியது இங்கேதான். அந்தம்மாவுக்கு யாரும் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிரம்மஞான சபை வாசலுக்குப் போனபோது பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. கேட் சாத்தியாச்சு. உள்ளே இருக்கும் பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989-ல் புயலில் சாய்ந்துவிட்டாலும் விழுதுகள் நிற்கின்றன. நியூயார்க்கில் 1875-ல் சபையைத் தொடங்கிய ருஷ்யப் பெண்மணி பிளாவட்ஸ்கியும் அமெரிக்கர் ஆல்காட்டும் 1882-ல் இந்த ஆற்றங்கரையைத் தேர்ந்தெடுத்து இடம் வாங்கினார்கள். 1939-ல் இத்தாலியரான மரியா மாண்டிசோரி வந்து இங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்ரா 1936-ல் பிறந்ததும் இந்த வளாகத்தில்தான். கேட்டுக்கு வெளியே நின்றபடியே இவ்வளவையும் அவர் சொல்லி முடிக்க, வாட்ச்மேன் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியாக ஊரூர் குப்பம் வழியாக உடைந்த பாலம். 1967-ல் மீனவர்கள் அக்கரைக்குப் போய்வரக் கட்டியது. பத்தே வருஷத்தில், 1977-ல், ஆற்று வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்தது. அதன்பின் யாரும் கட்டவில்லை. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல். சாயங்கால வெயில். கொக்குகள் வரிசையாக. நாற்றம் இல்லாமல் இல்லை. கடல் காற்று கொஞ்சம் அடக்கி வைத்திருந்தது. பிள்ளைகள் கைப்பேசியை நீட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தார். சுண்டல் பொட்டலம் தீரும் வரை பேசவில்லை.

"இவ்வளவு அகலமா? நம்ம வீட்டாண்ட இத்தனூண்டுதானே இருக்கு."

"அங்கேயும் அகலமாத்தான் இருந்திருக்கும். நாமதான் வாங்கிட்டோம்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். மனைப் பத்திரம், பட்டா, அப்ரூவல் எல்லாம் சரியாகப் பார்த்து, பி.எஃப். பணத்தில் லோன் போட்டு வாங்கிய இடம். சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. இருட்டுவதற்குள் கிளம்பினார்கள். திரும்பும் ரயில் சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவே ஆற்றைக் கடந்தபோது அந்தம்மா மூக்கைப் பொத்தவில்லை. எட்டிப் பார்த்தார். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, அவர் நோட்டை எடுத்தார். கொலோன் தேதிகளுக்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டார். அடையாறு என்று எழுதினார். பக்கத்தில் எத்தனை மீட்டர் என்று எழுத எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பென்சிலை எடுத்துக்கொண்டு ஹால் சுவரருகே போனார். குத்துமதிப்பாக ஒரு இடத்தில் சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் 1.12.2015 என்று எழுத ஆரம்பித்தார்.

சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த அந்தம்மா வாசற்படியில் நின்று பார்த்தார். மூன்று தடவை பெயிண்ட் அடித்த சுவர்.

"அங்க இல்ல" என்றார். "ஸ்விட்ச் போர்டுக்கு ஒரு சாண் மேல. அழிச்சிட்டுச் சரியாப் போடுங்க."